உஷார்! தனியே காடேறப் போகிறீர்களா? சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்

மூட்டையைக் கட்டியாகிவிட்டதா? கொஞ்சம் நில்லுங்கள்.

"நாலு நாள் தன்னந்தனியாகக் காட்டில் நடந்தால் நான் யாரென்று தெரிந்துவிடும், ஆணவமெல்லாம் கரைந்துவிடும்" என்று கிளம்புகிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. ஆசையில் தப்பே இல்லை. மலைக்கு முன்னால் நின்றால் மனசு சிறுத்துப்போவதும் உண்மைதான். ஆனால் எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று ஒருவரிடமும் சொல்லாமல் போகிறீர்களே, அங்கேதான் ஆபத்து. தொலைக்க நினைத்த ஆணவத்தையும் சேர்த்து முதுகில் ஏற்றிக்கொண்டுதான் போகிறீர்கள்.

2003 ஏப்ரல் 26. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புளூஜான் என்ற ஒடுங்கிய பாறைப் பிளவுக்குள் தனியாக இறங்கினார் 27 வயது ஆரன் ரால்ஸ்டன். கற்றுக்குட்டி இல்லை, கொலராடோவின் உயர்ந்த சிகரங்களில் பனிக்காலத்திலேயே தனியாக ஏறியவர். சுமார் 360 கிலோ எடையுள்ள பாறை ஒன்று நழுவி, அவருடைய வலது கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. கையிருப்பு கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர். போகும் இடத்தை யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்கு வராததால்தான் அவரைத் தேடவே ஆரம்பித்தார்கள். எந்தத் திசையில் தேடுவது என்று கண்டுபிடிப்பதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. கடைசியில் தன் கையெலும்பைத் தானே முறித்து, மழுங்கிய கத்தியால் அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். 2010-ல் '127 ஹவர்ஸ்' என்று படமாக வந்தது இந்தக் கதைதான். நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் இசை. அந்தத் துணிச்சலைப் பார்த்துச் சிலிர்த்தோம்; எழுதப்படாத அந்தத் துண்டுச் சீட்டை மறந்துவிட்டோம்.

ரால்ஸ்டனாவது திரும்பினார். கிறிஸ் மெக்கேண்ட்லெஸ் திரும்பவில்லை. வாழ்க்கைக்கு அர்த்தம் தேடி 1992 ஏப்ரலில் அலாஸ்கா காட்டுக்குள் நுழைந்த 24 வயது இளைஞர். சுமார் நாலரை கிலோ அரிசி, ஒரு துப்பாக்கி, சில புத்தகங்கள், இவ்வளவுதான் கையில். கைவிடப்பட்ட பஸ் ஒன்றில் தங்கினார். போதும், ஊருக்குத் திரும்பலாம் என்று ஜூலையில் கிளம்பினால், வரும்போது சாதுவாகக் கிடந்த டெக்லனிக்கா ஆறு, பனி உருகிய வெள்ளத்தில் சீறிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் கீழே, கம்பியில் தொங்கும் கூடையில் ஆற்றைக் கடக்க வழி இருந்தது. விவரமான வரைபடம் இல்லாததால் அது அவருக்குத் தெரியவில்லை. செப்டம்பரில் அந்தப் பஸ்ஸில் உடலைத்தான் கண்டெடுத்தார்கள். மகிழ்ச்சி என்பது பகிர்ந்தால்தான் மெய் என்ற பொருளில் ஒரு புத்தக ஓரத்தில் எழுதிவைத்திருந்தார். தனிமையில் அவர் கண்டெடுத்த அர்த்தமே அடுத்த மனிதர்தான்!

அவர் கதை புத்தகமாகி, படமாகி, அந்தப் பஸ்ஸைத் தேடிக் கூட்டம் போக ஆரம்பித்தது. 2010-லும் 2019-லும் இரண்டு பெண்கள் அதே ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். 2020-ல் ராணுவ ஹெலிகாப்டர் வந்து பஸ்ஸையே தூக்கிக்கொண்டு போனது.

அதெல்லாம் அலாஸ்காவில் என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச்சில் நம் தமிழ்நாட்டுக் குரங்கணி மலையில் கூட்டமாகப் போனவர்களையே காட்டுத்தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கும் யானைகூடத் தெரியாது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றமும்கூட. வனத்துறை திறந்துவிட்ட பாதையில், வழிகாட்டியோடு போங்கள். அவர் சட்டென்று நின்றால், காரணம் கேட்காமல் நீங்களும் நில்லுங்கள். பணிவின் முதல் பாடம் அதுதான்.

தனி நடை அனுமதிக்கப்பட்ட இடத்துக்கே போனாலும் இவற்றை மறக்காதீர்கள்:

● பாதை, திரும்பும் நேரம் இரண்டையும் எழுதி ஒருவரிடம் கொடுங்கள். "இந்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் தேடச் சொல்" என்றும் எழுதுங்கள்.

● நேரத்தைக் கணக்குப் போடுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது 1892-லிருந்து மலையேறிகள் வைத்திருக்கும் கணக்கு. அதுவும் திடமான உடம்புக்கு, ஓய்வெடுக்காமல் நடந்தால்.

● வழி தவறினால் அலையாதீர்கள். இருந்த இடத்திலேயே இருந்து மும்மூன்று முறையாக விசில் ஊதுங்கள்.

● சிக்னல் இல்லாத இடத்தில் போன் தேடித் தேடியே சார்ஜ் தீரும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.

● நனைந்த துணியோடு காற்றில் நிற்காதீர்கள். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் நாக்கு குழறும், புத்தி மந்திக்கும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அப்போதும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். தனியாக இருந்தால் அதை மறுத்துச் சொல்ல ஆளிருக்காது.

சிகரம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது மேகம் கறுக்கும். அப்போது "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று திரும்பி நடக்கிறவருக்கு, தேடிப் போன பணிவு அங்கேயே கிடைத்துவிடுகிறது. ஏறியே தீருவேன் என்கிறவருக்கு உச்சியிலும் கிடைக்காது.

சீட்டை இன்று ராத்திரியே எழுதுங்கள். அம்மா கையிலோ நண்பர் கையிலோ கொடுங்கள். மலையிறங்கியதும் படம் போடுவதெல்லாம் அப்புறம். முதல் போன் அவர்களுக்குப் போகட்டும்.