கோடு போட்ட ஊர்கள் – 9: கடலைவிட அழகான சமவெளி

சென்ற வாரம் மலைகளைப் பார்த்தோம். மலை, ஓவியருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். ஏறி இறங்கும் விளிம்பை இழுத்தாலே தாளுக்கு ஓர் உருவம் வந்துவிடும். தட்டையாகக் கிடக்கும் வயல்வெளியை என்ன செய்வது?

1888 ஜூலையில், தென் பிரான்சின் ஆர்ல் நகரை ஒட்டிய மோன்மஜூர் குன்றில் ஏறி, கீழே விரிந்த லா க்ரோ சமவெளியை வரைந்தார் வின்சென்ட் வான் கோ. அதைப் பார்த்த ஓவியர் ஒருவர், இதை வரைவது அலுப்பான வேலை என்றாராம். கடலை அறிந்த படைவீரர் ஒருவருக்கோ அது கடலைவிட அழகாகத் தெரிந்தது. இங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். இரண்டையும் நண்பர் எமில் பெர்னாருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார் வான் கோ. நான் படைவீரர் கட்சி.

அங்கே வரைந்தவற்றில், தூரத்தில் குட்டி ரயில் போகும் படம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 49 செ.மீ. உயரம், 61 செ.மீ. அகலம். கரும் சாக்கில் லேசாகக் குறித்துக்கொண்டு, மேலே நாணல் பேனாவால் மையில் வரைந்தது.

இந்தப் பேனாவில்தான் விஷயம் இருக்கிறது. நாணல் தட்டையைச் சீவிக் கூராக்கினால் பேனா தயார். ஆனால் அது மையை அதிகம் தேக்கிவைக்காது. தொட்டதும் கோடு தடித்து விழும், சற்று தூரத்திலேயே வறண்டுபோகும். நீளக் கோடு இழுக்க ஆசைப்படுபவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். வான் கோ அந்தக் குறையையே தன் பாணியாக்கிக்கொண்டார். புல்லுக்குக் குத்துக் கோடு, உழவுச் சாலுக்குப் படுத்த கோடு, வெற்று நிலத்துக்குப் புள்ளி. நிழலுக்காக எங்கும் மையைக் கரைத்துப் பூசவில்லை.

தூரத்தையும் இந்தக் கீறல்களே காட்டுகின்றன. முன்னால் புதர்கள் தடித்த, முரட்டுக் கீறல்களில் நிற்கின்றன. உள்ளே போகப் போகக் கீறல் சிறுக்கிறது, மெலிகிறது, கடைசியில் பொடிப்புள்ளியாகிறது. அடிவானத்தை மேலே தள்ளி, தாளின் பெரும்பகுதியை நிலத்துக்கே கொடுத்துவிட்டார். வானத்தில் அனேகமாக எதுவுமே இல்லை. அங்கேயும் மேகம் வரைந்திருந்தால் படம் மூச்சுத் திணறியிருக்கும் என்பது என் எண்ணம்.

பார்வைக்கு ஜப்பானியப் படம் போல இல்லாவிட்டாலும், தான் செய்தவற்றிலேயே மிகவும் ஜப்பானியத்தனமானது இதுதான் என்று பெர்னாருக்கு எழுதிய அதே கடிதத்தில் சொன்னார். ஹொக்குசாய், ஹிரோஷிகே அச்சுப்படங்களில் மயங்கிக் கிடந்தவர் அவர். குறைந்த கீறலில் நிறைய சொல்லும் வித்தை அங்கிருந்து வந்தது. ஆர்லில் தீட்டிய வண்ண ஓவியங்களுக்குப் பெயர் அதிகம். அந்த ஜூலையை மட்டும் எடுத்துக்கொண்டால், என் ஓட்டு இந்த மைப்படங்களுக்கே.

மியூசியத்தின் இணையதளத்தில் இந்தப் படம் கிடைக்கிறது. பெரிதாக்கி, கீழ்ப்பாதியைக் கையால் மறைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். முன்புறத்துத் தடித்த கீறல்கள் மறைந்ததும் தூரமும் கூடவே காணாமல் போவது தெரியும்.

(தொடரும்)