வான்வழிப் பூச்சிமருந்துத் தெளிப்பை காசர்கோடு மக்கள் எதிர்த்தது ஏன்?

காசர்கோடு: வேளாண் ட்ரோன்களின் பயன்பாடு பெருகிவரும் நிலையில், வானிலிருந்து பூச்சிமருந்து தெளிப்பதன் பாதுகாப்பு குறித்த கேள்வி மீண்டும் எழுந்துள்ளது. இதற்கு நாட்டின் முதன்மையான சான்றாகக் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் விளங்குகிறது.

அங்கு அரசுக்குச் சொந்தமான கேரளத் தோட்டக் கழகம் ஏறத்தாழ 4,600 ஹெக்டேரில் முந்திரி வளர்த்து வந்தது. தளிரிலும் பூங்கொத்திலும் சாற்றை உறிஞ்சி அவற்றைக் கருகச் செய்யும் தேயிலைக் கொசு எனும் பூச்சியை ஒழிக்க, 1970-களின் பிற்பகுதி முதல் ஆண்டுக்கு 2 அல்லது 3 முறை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது.

சிக்கல் நிலவமைப்பில் இருந்தது. குன்றுகள் நிறைந்த பகுதி என்பதால் மரங்களை ஒட்டித் தாழ்வாகப் பறக்க இயலவில்லை. உயரத்திலிருந்து விழுந்த மருந்துத் துளிகள் காற்றில் பரவி, தோட்டங்களுக்கு இடையே அமைந்திருந்த வீடுகளிலும் ஓடைகளிலும் படிந்தன. குன்றைக் குடைந்து நீர் எடுக்கும் 'சுரங்கம்' எனும் மரபுவழிக் கிணறுகளே அங்கு பலருக்கும் குடிநீர் ஆதாரம்.

முதலில் தேனீக்களும் மீன்களும் மடிந்ததாக மக்கள் முறையிட்டனர். பின்னர் குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடுகளும் நரம்புக் கோளாறுகளும் அதிகம் காணப்படுவதாக உள்ளூர் மருத்துவர்கள் எச்சரித்தனர். தோட்டத்தை ஒட்டி வீடு கட்டிய வேளாண் துறைப் பெண் ஊழியர் ஒருவர் 1998-ல் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் தடை விதித்தது. 2000-ம் ஆண்டுடன் வான்வழித் தெளிப்பு முடிவுக்கு வந்தது. அகமதாபாத்தில் உள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் அடுத்த ஆண்டு நடத்திய ஆய்வில், பள்ளிக் குழந்தைகளின் ரத்தத்தில் எண்டோசல்பான் எச்சம் கண்டறியப்பட்டது. எனினும், நோய்களுக்கு அதுவே நேரடிக் காரணமா என்பதில் அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று எண்டோசல்பான் உற்பத்திக்கும் விற்பனைக்கும் நாடு முழுவதும் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா ரூ.5 லட்சம் வழங்குமாறு 2017 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆனால் 5 ஆண்டுகள் கடந்தும், 3,704 பேரில் நீதிமன்றத்தை நாடிய 8 பேருக்கு மட்டுமே அத்தொகை வழங்கப்பட்டிருந்ததை நீதிபதிகள் கண்டித்தனர்.

வான்வழித் தெளிப்புக்கு 24 மணி நேரம் முன்னதாகப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும், தொடர்பற்றோரையும் கால்நடைகளையும் அப்பகுதிக்குள் அனுமதிக்கக் கூடாது என்று 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன. ஹெலிகாப்டர் பறந்த காலத்திலும் இவ்விதிகள் நடைமுறையில் இருந்தன. தோட்டத்துக்கு நடுவிலேயே குடியிருப்போர் எங்கே ஒதுங்குவது என்பதற்கு அவற்றில் விடையில்லை.