உங்களுக்குத் தெரியுமா? சேணம் இல்லாத சவாரிக்கு ஒரு திண்டு

சேணம் போடாமல் குதிரை ஏறுவதில் பலருக்கு ஆசை. ஆனால் வெறும் முதுகில் நெடுநேரம் உட்கார முடியாது. எலும்பு குத்தும், வியர்வை ஒட்டும், வழுக்கும். அதற்காகவே குதிரையின் முதுகில் ஒரு மெத்தைத் திண்டை வைத்து வாரால் கட்டி ஏறுகிறார்கள். கடைகளில் இதன் பெயர் 'பேர்பேக் பேட்'. இதைப் பற்றிச் சில செய்திகள்.

◆ சேணத்துக்கு மூத்தது திண்டுதான். சீனாவின் துர்பான் பகுதியில், யாங்காய் என்ற இடத்தில், ஒரு பெண்ணின் கல்லறையிலிருந்து தோல் சேணம் ஒன்று கிடைத்தது. அதன் காலம் கி.மு. 8 முதல் 4 வரையிலான நூற்றாண்டுகளுக்குள் அடங்கும் என்று 2023இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உள்ளே மரச் சட்டம் எதுவும் இல்லை. இரண்டு தோல் பைகளில் வைக்கோலும் மான், ஒட்டக மயிரும் அடைத்துச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணைச் சேணத்தின் மேல் அமர்ந்திருப்பது போலவே அடக்கம் செய்திருந்தார்கள்.

ரஷ்யாவின் அல்தாய் மலைப்பகுதியில் பாஸிரிக் கல்லறைகளில், உறைபனிக்குள் கெடாமல் இருந்த சேணங்களும் இப்படிப்பட்ட இரட்டை மெத்தைகள்தாம். முதுகெலும்புக்கு வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. நடுவில் எலும்பின் மேல் பாரம் விழாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்த இந்த நுட்பம், இன்று விற்கும் மலிவான திண்டுகள் பலவற்றில் இல்லை. ஒரே தட்டையாக ஒரு ஃபோம் துண்டு, மேலே அழகான துணி, அவ்வளவுதான். வாங்கும்போது முதலில் திண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கிறதா? இல்லையென்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

◆ சுகமாக உட்காரக்கூடிய குதிரை எது என்று கிரேக்க எழுத்தாளர் செனொஃபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்காமல், அதன் இரு பக்கமும் சதை மேடிட்டு இருக்கும் 'இரட்டை முதுகு'க் குதிரைதான் அமர மென்மையானது என்பது அவர் கணிப்பு. அவர் காலத்துக் கிரேக்கர்கள் வெறும் முதுகிலோ, ஒரு துணியை விரித்தோ ஏறியவர்கள் என்பதால் அனுபவத்தில் சொன்ன பேச்சு இது. ஏதென்ஸின் பார்த்தனான் கோயில் சிற்ப வரிசையில் அணிவகுக்கும் குதிரை வீரர்களுக்கும் சேணம் கிடையாது.

இதிலிருந்து நமக்கு ஒரு பயன் உண்டு. உங்கள் குதிரை இளைத்து, முதுகெலும்பு கூரை முகடு போல் தெரிகிறதா? அதற்கு எந்தத் திண்டும் போதாது. முதலில் தீவனமும் உடற்பயிற்சியும் கொடுத்து முதுகுத் தசையை வளர்க்க வேண்டும்.

◆ பாரசீகர்கள் படுக்கையில் விரிப்பதைவிடக் குதிரை மேல் அதிகம் விரிக்கிறார்கள் என்று குறைப்பட்டவரும் இதே செனொஃபோன்தான்.

◆ சேணம் இல்லாவிட்டால் குதிரைக்குச் சுகம் என்று பலர் மனதார நம்புகிறார்கள். அன்பினால் வரும் நம்பிக்கைதான். ஆனால் அளந்து பார்த்தபோது வேறு விதமாகத் தெரிந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹிலரி கிளேட்டன் தலைமையிலான குழு, குதிரையின் முதுகில் அழுத்தமானிப் பாய் விரித்து, சேணத்தோடும் சேணமின்றியும் சவாரி செய்யவைத்து ஒப்பிட்டது. 2013இல் முடிவுகள் வெளிவந்தன. சேணம் இல்லாதபோது பாரம் சிறிய பரப்பில் குவிந்தது; அழுத்தமும் கூடியது. எங்கே மிக அதிகம் தெரியுமா? நாம் உட்காரும்போது கீழே ஊன்றும் இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்கு நேர் கீழே.

சேணத்துக்குள் இருக்கும் சட்டத்தின் வேலை இதிலிருந்து விளங்கும். சவாரி செய்பவரின் எடையை முதுகின் இரு பக்கத்துக்கும் பரப்பி, முதுகெலும்பைத் தொடாமல் விடுவதுதான் அது. திண்டில் சட்டம் இல்லை. ஆகவே அந்த வேலையில் ஒரு பங்கையாவது அதன் தடிமனும் நடுப்பள்ளமும் செய்தாக வேண்டும். திண்டு நமக்கு மெத்தென்று இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. குதிரையின் எலும்பை அது காக்கிறதா என்பதே முதல் கேள்வி.

◆ குதிரைக்கு விலா எலும்புகள் 18 ஜோடி. கடைசி விலா எங்கே முடிகிறதோ, அதற்குப் பின்னால் பாரம் விழக்கூடாது. அங்கே கீழிருந்து தாங்க விலாக்கூடு இல்லை. கையால் விலாவைத் தடவிக்கொண்டே மேலே போனால் அந்த இடம் பிடிபடும். உட்காரும் பகுதி அதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். குட்டையான உள்நாட்டுக் குதிரைக்குப் பெரிய வெளிநாட்டுக் குதிரைக்கான அளவை வாங்கினால் இங்கேதான் தவறு நேரும்.

◆ வாங்கும் முன் கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கையை மேசை மேல் வைத்து, அதன்மேல் திண்டைப் போட்டு, மறு கையின் முட்டியால் உடல் எடையைச் சாய்த்து அழுத்துங்கள். அடியில் இருக்கும் கைக்கு முட்டி தட்டுப்பட்டால், குதிரையின் முதுகுக்கு உங்கள் எலும்பும் அப்படியே தட்டுப்படும். தொட்டவுடன் புதையும் மெமரி ஃபோம் பல, இந்தச் சோதனையில் தோற்கும். கொஞ்சம் விறைப்பான கம்பளி ஃபெல்ட் தேறும்.

◆ கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. வியர்க்கும் முதுகில் வைக்க இதைவிட நல்ல பொருள் அரிது. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளுக்குப் புண் வராமலிருக்கச் செம்மறியாட்டுத் தோலை ரோமத்தோடு விரிப்பது மருத்துவமனைகளில் பழக்கம். அதே தோல் திண்டுக்கும் ஏற்றது. செயற்கை ரோமம் விலை குறைவு, துவைக்க எளிது; ஆனால் நாளடைவில் படிந்து உருண்டைகட்டும், அப்போது மாற்றிவிட வேண்டும். நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் வழுக்காது என்பதற்காக அடிப்பக்கம் வைக்கிறார்கள். காற்று புகாத பொருள் அது. நம் ஊர் வெயிலில் அதன் அடியில் சூடும் வியர்வையும் தேங்கித் தோல் வெந்துபோகும். வெயில் பிரதேசத்தில் இருப்பவர்கள் கம்பளியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

மேற்புறத்துக்கு ஸ்வேட் போன்ற சொரசொரப்பான தோல் நல்லது. வழவழப்பான நைலானில் உட்கார்ந்தால், வழுக்காமலிருக்க முழங்காலை இறுக்குவோம். இறுக்கினால் உடல் மேலே எழும்பும், சமநிலை போகும்.

◆ ஓர் ஈ வந்து உட்கார்ந்தால்கூடக் குதிரை அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதை விரட்டும். திண்டின் அடியில் ஒட்டிக்கொண்ட ஒரு முள், ஒரு வைக்கோல் துரும்பு அதற்கு என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். கட்டும் முன் முதுகைத் துலக்குங்கள். திண்டின் அடியையும் கையால் தடவிப் பாருங்கள்.

◆ அங்கவடி மாட்டிய திண்டுகளும் விற்பனைக்கு வருகின்றன. தயவுசெய்து வாங்காதீர்கள். இந்தப் பத்தியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். அங்கவடியில் கால் ஊன்றி எழுந்தால், உங்கள் முழு எடையும் இரண்டு பட்டைகள் வழியாக, முதுகின் குறுக்கே ஒரு குறுகிய கோட்டில் இறங்குகிறது. சேணத்தில் அதைப் பரப்பச் சட்டம் இருக்கிறது. திண்டில் எதுவும் இல்லை. ஒரு பக்கம் சாய்ந்தால் திண்டு வயிற்றுப் பக்கம் சுழன்றுவிடும். பல சேணங்களில், விழும்போது அங்கவடி வார் கழன்றுவிட ஓர் ஏற்பாடு உண்டு. திண்டில் வெறும் வளையத்தில் தைத்திருப்பார்கள். கால் மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். உயிர் போகிற விஷயம்.

அங்கவடி இல்லாமல் எப்படி என்று தயங்க வேண்டாம். கிரேக்க, ரோமானியக் குதிரைப் படைகள் அங்கவடி இன்றியே போரிட்டன. இரு காலுக்குமான அங்கவடி கி.பி. 4ஆம் நூற்றாண்டுச் சீனாவில்தான் தெளிவாகத் தென்படுகிறது.

◆ இன்னும் ஒரு படி மேலே போனவர்கள் வட ஆப்பிரிக்காவின் நுமிடியர்கள். சேணமும் இல்லை, கடிவாளமும் இல்லை. குதிரையின் கழுத்தில் ஒரு கயிறு மட்டும். ரோமை நடுங்கவைத்த ஹன்னிபாலின் படையில் இவர்கள்தாம் வேகமான பிரிவு.

அந்தக் கழுத்துக் கயிறு இன்றும் உதவும். பெரும்பாலான திண்டுகளின் முன்னால் ஒரு கைப்பிடி தைத்திருப்பார்கள். அதைப் பக்கவாட்டில் இழுத்தால் திண்டே சுழலும். குதிரையின் கழுத்தில் தளர்வாக ஒரு தோல் பட்டை கட்டிக்கொண்டால், தடுமாறும்போது அதைப் பிடிக்கலாம்.

◆ இத்தாலியின் சியெனா நகரில் ஆண்டுதோறும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாள்களில் நடக்கும் பாலியோ பந்தயத்தில் சேணமே கிடையாது. நகரச் சதுக்கத்தை மூன்று சுற்று வர வேண்டும். ஓட்டுபவர் விழுந்துவிட்டாலும் குதிரை முதலில் வந்தால் வெற்றிதான்.

◆ குதிரையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ். நம்மைவிடச் சற்று அதிகம். குதிரை நடக்கும்போது மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்பு, தானே நடப்பது போல முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசையும். செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகளுக்குக் குதிரை வழியாகப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்கள் பலர், சேணத்தைத் தவிர்த்துத் திண்டைக் கட்டுவது இந்த வெப்பமும் அசைவும் குழந்தையின் உடலுக்குப் போய்ச் சேரவே. இங்கே திண்டு மிகத் தடிமனாக இருந்தால் பயன் குறையும். அதனால் குழந்தையின் எடைக்கேற்ற மெல்லிய திண்டு போதும். பெரியவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது.

◆ சவாரி செய்பவரும் சாதனங்களும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2008ஆம் ஆண்டு ஆய்வில், பாரம் 25, 30 சதவீதமானபோது குதிரைகளுக்குத் தசை வலியும் இறுக்கமும் கூடுதலாகத் தெரிந்தன. திண்டோடு ஏறும்போது பாரம் ஒரே இடத்தில் குவிவதால், வரம்புக்கு நன்றாகக் கீழேயே நின்றுகொள்வது நியாயம். நேரத்துக்கும் எல்லை வேண்டும்: பெரும்பாலும் நடை, அரை மணி நேரத்துக்குள். இது என் கருத்து.

◆ கட்டும் முறை: கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் உயர்ந்து நிற்கும் தோள்மேட்டுக்குச் சற்று முன்னால் வைத்து, ரோமம் படிந்த திசையிலேயே பின்னால் நகர்த்துங்கள். வாரை இறுக்கும் முன் திண்டின் நடுப்பகுதியைத் தோள்மேட்டின் மேல் சற்றுத் தூக்கிவிடுங்கள். வயிற்றுவாரை ஒரே மூச்சில் இறுக்காமல் இரண்டு மூன்று தடவையாக இறுக்கி, சில நிமிடம் நடத்திவிட்டு மறுபடி சரிபாருங்கள். தரையிலிருந்து திண்டைப் பற்றி ஏறினால் அது உங்களோடு சரிந்து வரும். உயரமான கட்டையோ திண்ணையோ பார்த்து ஏறுங்கள். தலைக்கவசம் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள்.

◆ இறங்கித் திண்டை எடுத்தவுடன் முதுகைப் பாருங்கள். முதுகெலும்பின் இரு பக்கமும் வியர்வை சீராகப் படிந்திருந்தால் நல்லது. சுற்றிலும் ஈரமாக இருந்து நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் காய்ந்திருந்தால், அங்கே அழுத்தம் மிகுதி என்பதற்கு அறிகுறியாக இருக்கலாம். அழுத்தம் தொடர்ந்தால் ரோமத்துக்கு நிறம் தரும் அணுக்கள் கெட்டு, கறுப்புக் குதிரையின் முதுகிலும் வெள்ளை மயிர் முளைக்கும். பெரும்பாலும் அந்த நிறம் திரும்புவதில்லை. முதுகைத் தடவும்போது குதிரை உடலைத் தாழ்த்தினாலோ, காதைப் பின்னால் மடக்கினாலோ சவாரியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். சவாரிப் பள்ளியில் கற்றுக்கொள்பவர்களும், அடுத்த வகுப்புக்குப் போகும்போது, உங்களுக்குத் தரும் திண்டின் அடிப்பக்கத்தை ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.