கறுப்பாக இருந்தால் போதுமா? வெயில் கண்ணாடி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை



இந்த இதழில் கூலிங் கிளாஸ் பற்றி எழுதுகிறோம் என்றதும் சிலர் சிரிப்பீர்கள். "அது காலேஜ் பிள்ளைகள் போடுறது, நமக்கெதுக்கு?" என்று தோன்றும். எம். புதுப்பட்டி பக்கம் நம்ம வயசுப் பெண்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சமயத்தில்தான். கண்புரை ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகாம் வேனில் வந்து இறங்குகிறபோது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான் பொருந்தும். கண் நன்றாக இருக்கும்போதே போட வேண்டிய பொருள் இது.

நம்மில் யார் வெயிலில் நிற்கவில்லை? பட்டாசு ஆபீஸில் வெடியையும் சக்கரத்தையும் மேடையில் பரப்பிக் காயவைக்கிறவர்கள், கரிசல் காட்டில் களை எடுக்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், கண்மாயில் மண் வெட்டுகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், சிவகாசிக்கு ஸ்கூட்டியில் போய் வருகிற பிள்ளைகள் என்று எல்லா வீட்டிலும் ஒருவராவது இருக்கிறோம். தலைக்குத் துண்டு கட்டுகிறோம், கைக்குப் பழைய முழுக்கைச் சட்டை போடுகிறோம். கண்ணுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டே முப்பது வருஷம் ஓட்டிவிடுகிறோம்.

வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கிறது. அதைப் புற ஊதாக் கதிர் என்கிறார்கள். இங்கிலீஷில் சுருக்கமாக 'யுவி'. நம்ம தோலைக் கறுக்க வைப்பது அதுதான். தோல் கறுத்தால் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். கண்ணுக்குள் நடப்பது தெரிவதில்லை. வெள்ளை விழியிலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாகச் சதை வளர்ந்து வருவதைச் சில அக்காமாரிடம் பார்த்திருப்பீர்கள். வெயில், தூசி, காற்று மூன்றிலும் வருஷக்கணக்காக நிற்பவர்களுக்கு அது அதிகம் வரும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவதுதான் கண்புரை. அதற்கு வயசு முதல் காரணம். புற ஊதாக் கதிரும் ஒரு காரணம். உலகில் கண்புரையால் பார்வை இழந்தவர்களில் 10 சதவீதம் பேர் வரைக்கும் இந்தக் கதிரால் பாதிக்கப்பட்டவர்களாக இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் கண்புரையால் பார்வை போவது அதிகம் என்பதும் உலகம் முழுவதும் தெரிந்த விஷயம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் வெறும் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்தவர், நம்ம கரிசல் மண்ணுக்காரர். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு அவர் ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரியும் அதன் கிராம முகாம்களும் எத்தனையோ பேருக்குப் பார்வையைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. அதனால் கண்புரை வந்தால் பயப்பட வேண்டாம், வைத்தியம் இருக்கிறது. ஆனால் பார்வை மங்க ஆரம்பிப்பதற்கும் ஆபரேஷனுக்குப் போவதற்கும் நடுவில் நம்ம பெண்கள் இரண்டு மூன்று வருஷத்தைக் கடத்திவிடுகிறார்கள். திரி சொருகுவதும் தாள் ஒட்டுவதும் கண்ணை நம்பிய வேலை. குரோஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்குப் பார்வை கால்வாசி குறைந்தால் சனிக்கிழமைச் சம்பளமும் குறையும். அதற்கப்புறம் குழுவில் சந்தா தவணை நிற்கும். வெயில் கண்ணாடியை ஆடம்பரச் செலவு என்று நாங்கள் நினைக்காததற்கு இதுதான் காரணம்.

கறுப்பு வேறு, காப்பு வேறு

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்பதற்கும் அது புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதா என்பதற்கும் சம்பந்தம் கிடையாது.

நம்ம கண் பாப்பா வீட்டு வாசல் கதவு மாதிரி. வெளிச்சம் அதிகமானால் தானாகச் சுருங்கும், இருட்டானால் அகலமாகத் திறக்கும். காப்பு இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டால் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும். உடனே பாப்பா விரியும், நாமும் கண்ணைச் சுருக்குவதை நிறுத்திவிடுவோம். ஆனால் புற ஊதாக் கதிர் குறையவில்லையே! திறந்த கதவு வழியாக முன்பைவிட அதிகமாக உள்ளே போகும். கண் குளிர்ச்சியாக இருப்பதால் கெடுதல் நடப்பதும் தெரியாது. சரியான காப்பு இருந்தால் வெள்ளையாக, நிறமே இல்லாமல் இருக்கும் கண்ணாடிகூட அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கறுப்பு நிறம் கூச்சத்தைக் குறைக்க மட்டும்தான்.

திருவிழாக் கடையில் தொங்குகிற நூறு ரூபாய்க் கண்ணாடி எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. சிலவற்றில் காப்பு இருக்கவும் செய்யும். பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சங்கடம்.

கடையில் 'யுவி 400' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலீஷில் யு, வி என்று இரண்டு எழுத்தும் பக்கத்தில் 400 என்ற எண்ணும் இருக்கும். அந்த 400 என்பது ஒளி அலையின் அளவு, நானோமீட்டர் கணக்கில். அதுவரை உள்ள கதிர்களைத் தடுக்கும் என்று பொருள். சரி, ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே, அதுவும் சிவகாசியில் அச்சகத்துக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லை.

பெரிய கடைகளில் கள்ள நோட்டு பார்க்க நீல லைட் மிஷின் வைத்திருப்பார்கள். அந்த லைட்டில் வருவதும் புற ஊதாக் கதிர்தான். 500 ரூபாய் நோட்டை அதன் அடியில் வைத்தால் நம்பரும் சிறு நூல்களும் பளிச்சென்று ஒளிரும். இப்போது கூலிங் கிளாஸை லைட்டுக்கும் நோட்டுக்கும் நடுவில் பிடியுங்கள். கண்ணாடி வழியாகப் பார்க்காமல், பக்கவாட்டில் குனிந்து நோட்டைப் பாருங்கள். ஒளிர்வது நின்றுவிட்டால் அந்தக் கண்ணாடி கதிரைத் தடுக்கிறது. முன்பு போலவே ஒளிர்ந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லைட்டை நேராகப் பார்க்க வேண்டாம். இது மோசமானதைக் கழித்துக்கட்ட உதவும் சோதனைதான், முழுச் சான்றிதழ் இல்லை. சில கண்ணாடிக் கடைகளில் இதற்கென்றே மீட்டர் உண்டு. அதில் வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எவ்வளவு கறுப்பு, என்ன நிறம்?

நல்ல கண்ணாடிகளில் 0 முதல் 4 வரை ஒரு எண் போட்டிருப்பார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு 3 சரியாக இருக்கும். வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம் வரைதான் அது உள்ளே விடும். 4 என்பது பனிமலைக்கும் நடுக்கடலுக்கும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது.

நிறத்தில் சாம்பல் அல்லது பிரவுன் எடுங்கள். சாம்பலில் பொருளின் நிறம் மாறாமல் தெரியும். சிக்னலில் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிய வேண்டும் அல்லவா? ஊதாவும் ரோஸும் பார்க்க அழகுதான், வேலைக்கு ஆகாது.

'போலரைஸ்டு' என்று சொல்லிக் கூட விலை சொல்வார்கள். ரோட்டிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை அது குறைக்கும். வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கு நல்லது, காட்டு வேலைக்குக் கட்டாயம் இல்லை. இது காப்புக்குப் பதில் ஆகாது. இரண்டும் தனித்தனி. நிஜமாகவே போலரைஸ்டுதானா என்று பார்க்க நம்ம குழுக் கணக்குக்கு வைத்திருக்கும் கால்குலேட்டரே போதும். கண்ணாடி வழியாக அதன் எண்களைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெதுவாகச் சுற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை முழுவதும் கறுத்துப் போனால் கடைக்காரர் சொன்னது உண்மை.

உழைக்கிற கண்ணாடி

வேலைக்குப் போகிறவர்கள் நிஜக் கண்ணாடியில் செய்த லென்ஸை வாங்காதீர்கள். கீறல் விழாது என்பது வாஸ்தவம். ஆனால் மண்வெட்டியில் தெறிக்கும் ஒரு சின்னக் கல் போதும், உடைந்த சில்லு கண்ணுக்குள் போய்விடும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் அடி தாங்கும், எடையும் குறைவு, இயல்பாகவே புற ஊதாக் கதிரைத் தடுக்கும். கீறல் மட்டும் சீக்கிரம் விழும். அதனால் கீறல் தாங்கும் பூச்சு உள்ளதாகக் கேளுங்கள்.

லென்ஸ் நேர்த்தியாகச் செய்ததா என்று பார்க்கக் கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியாகக் கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பாருங்கள். மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். கோடு நெளிந்தால் அதைப் போட்டு அரை நாளில் தலைவலி வரும்.

ஃபிரேம் மெட்டலில் வேண்டாம். மதிய வெயிலில் கன்னத்தைச் சுடும், வேர்வை பட்டுப் பச்சை பிடிக்கும். கண்ணாடி முதலில் உடைவது காதுக் கொக்கி மடங்கும் இடத்தில்தான். அங்கே பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் மாட்டியிருந்தால் ஆறு மாசம் தாங்குவதே பெரிசு. உலோகக் கீலும் ஸ்க்ரூவும் இருந்தால் கடையில் முடுக்கித் தருவார்கள். கண்ணை ஒட்டிப் பக்கவாட்டிலும் வளைந்து மறைக்கிற அமைப்பாக எடுங்கள். காலையிலும் சாயங்காலமும் சாய்ந்து வருகிற வெயில் பக்கத்து இடைவெளி வழியாகத்தான் நுழையும். போட்டுக்கொண்டு இரண்டு தடவை குனிந்து நிமிருங்கள். நழுவினால் களை எடுக்கிற இடத்தில் அது உங்கள் கண்ணில் இருக்காது, மண்ணில் கிடக்கும்.

இதையெல்லாம் பார்த்தால் ஃபேஷன் கடைக்கே போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கிற கடைகளில் வெளிர் கறுப்பு நிறத்தில் பாதுகாப்புக் கண்ணாடி கிடைக்கும். பாலிகார்பனேட் லென்ஸ், பக்க மறைப்பு எல்லாம் அதிலேயே இருக்கும். விலையும் பிராண்டு கூலிங் கிளாஸைவிடப் பல மடங்கு குறைவு. 'ஐ.எஸ். 5983' அல்லது 'இ.என். 166' என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, யுவி காப்பையும் கேட்டு வாங்குங்கள். அழகு கொஞ்சம் கம்மிதான்.

பட்டாசு ஆபீஸ் செல்லும் உறுப்பினர்கள் ஒன்று கவனிக்கணும். கறுப்புக் கண்ணாடி வெளிக்களத்துக்கு மட்டும்தான். அறைக்குள் அதைப் போட்டால் கை வேலை தெரியாது, ஆபத்து. உள்ளே மருந்துத் தூளிலிருந்து கண்ணைக் காக்க வேண்டியது நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி. அதை நிர்வாகம் தர வேண்டும். கண்ணுக்கு ஆபத்துள்ள வேலைகளுக்குக் கண்ணாடி கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அதற்குப் பதிலாக வந்திருக்கும் 2020-ஆம் வருடத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படியும் பாதுகாப்புக்கான செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. மருந்து கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாங்கிய பிறகு அதைப் பாழாக்குவது நம்ம சேலை முந்தானைதான். தூசியோடு துடைத்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கி, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு விரலால் தடவி, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றுங்கள். வெந்நீர் கூடாது. பழைய துணியில் ஒரு சுருக்குப் பை தைத்துக்கொண்டால் டிபன் வாளிக்குள் போட்டாலும் கீறாது.

கண்ணாடி போட்டதால் துண்டை எடுத்துவிட வேண்டாம். அகலமான விளிம்புள்ள தொப்பி கண்ணுக்கு வரும் கதிரில் பாதியளவு குறைக்கும். தொப்பியும் கண்ணாடியும் சேர்ந்தால் ரொம்ப நல்லது. மேகமூட்டமான நாளிலும் புற ஊதாக் கதிர் வரும். சூட்டை வைத்து அதைக் கணக்குப் போட முடியாது. எந்தக் கூலிங் கிளாஸ் போட்டாலும் சூரியனையோ கிரகணத்தையோ வெல்டிங்கையோ நேராகப் பார்க்கக் கூடாது. ஏற்கெனவே பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கு மேலேயே மாட்டுகிற பெரிய அளவு கேட்டு வாங்கலாம்.

"என்ன மதினி, சினிமாவுக்கா கிளம்பிட்டீக?" என்று முதல் நாள் வேனில் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். எம்.ஜி.ஆரும் கலைஞரும் போட்டபோது யாரும் சிரிக்கவில்லையே! பத்துப் பேர் ஒரே நாளில் போட்டுக்கொண்டு ஏறினால் கேலி பண்ண ஆள் மிஞ்சாது. ஆகவே தனித்தனியாக வாங்குவதைவிடக் குழுவாகச் சேர்ந்து வாங்குவது நல்லது, விலையும் குறைத்துத் தருவார்கள். இதற்காக உள்கடன் எடுக்க வேண்டியதில்லை. வாரம் இருபது ரூபாய் தனியாகப் போட்டு வந்தாலே இரண்டு மூன்று மாசத்தில் சேர்ந்துவிடும். அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்கள் யார் யாருக்கு வேண்டும், பவர் கண்ணாடி போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் முதலில் ஒரே ஒரு சாம்பிள் வாங்கி, நீல லைட்டிலும் கதவு நிலையிலும் பார்த்துவிட்டு மீதிக்குப் பணம் கட்டுங்கள். பில்லில் 'யுவி 400' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத யோசிக்கிற கடை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.