கடும்பும் கடுஞ்சூலும்

கருவுற்ற மகளைப் பேணும் கடன் கணவன் ஒருவனுக்கே உரியதன்று. சுற்றத்துக்கும் ஊருக்கும் உரியது என்னும் கொள்கை தமிழகச் சிற்றூர்களில் இன்றும் நிலவுகின்றது. அதன் தொன்மையையும் எல்லையையும் ஈண்டு ஆராய்வோம்.

‘வயா’ என்னும் உரிச்சொல் மிக்க விருப்பத்தை உணர்த்தும் என்பது தொல்காப்பியத்தால் அறியப்படும். சூலுற்றாள் கொள்ளும் வேட்கைக்கும் இச்சொல் வழங்கிற்று. குறுந்தொகை 287ஆம் பாட்டு, நீர் சுமந்த மேகத்துக்குப் பசும்புளியை விரும்பும் சூல்மகளிரை உவமை கூறுகின்றது. சேரனது நாட்டு மண்ணை வயவுற்ற மகளிர் உண்பதன்றிப் பகைவர் கொள்ளார் என்கின்றது புறநானூற்று 20ஆம் பாட்டு. சூலுற்றாளின் விருப்பம் புலவரும் ஊரும் நன்கறிந்த செய்தியாயிருந்தது என்பது இவற்றால் பெறப்படும்.

நற்றிணை 370ஆம் பாட்டோ இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. அதன்கண் தலைவியின் கடுஞ்சூலுக்குக் ‘கடும்பு’ அடையாக வருகின்றது. கடுஞ்சூலாவது முதற்சூல், கடும்பாவது சுற்றம். சுற்றம் சூழ இருத்தலே முதற்சூலின் இயல்பெனப் புலவர் கொண்டார் என்க.

இற்றை வளைகாப்பும் இதன்பாற்பட்டதே. ஒற்றைப்படைத் திங்களில், பெரும்பாலும் ஏழாவதிலோ ஒன்பதாவதிலோ, மகளிர் கூடிக் கண்ணாடி வளையல் அணிவித்துப் புளிச்சோறு முதலிய பலவகைச் சோறு படைப்பர். பின்னர்த் தாய்வீடு சென்று தலைப்பேற்றை முடித்தல் வழக்கம். வேலைச் சுமையினின்று ஓய்வும், மனத்துள்ள அச்சத்தைப் பெற்றெடுத்த பெண்டிரிடம் கூறித் தெளிதலும் இதனால் விளையும் பயன்கள்.

எனினும், இப்பேணுதல் பெரும்பாலும் முதற்சூலோடு அமைந்துவிடுகின்றது. இரண்டாம் சூலினள் இடுப்பிற் குழந்தையுடன் களையெடுக்கச் செல்லினும் வினவுவார் அரியர். குருதிக் குறைவும் பேற்றின் இடரும் முதற்சூலுக்கு மட்டும் உரியன அல்ல. கைம்பெண்டிரும் மகப்பேறிலாரும் வளையல் அணிவிக்க விலக்கப்படும் வழக்கமும் பலவிடத்து உண்டு. அதனால் கடும்பே சுருங்குகின்றது.

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் கருவுற்றார்க்கு இணையுணவு வழங்குகின்றது. 1987இல் தமிழக அரசு தொடங்கிய மகப்பேற்று உதவித் திட்டம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்குவது, இரண்டாம் பேற்றுக்கும் பொருளுதவி நல்கிற்று. அங்கன்வாடி வழியாக நிகழும் சமுதாய வளைகாப்போ பல குடி மகளிரை ஒரு பந்தரில் அமர்த்துகின்றது.

ஆயினும், உணவும் பொருளும் அரசு தரலாம். அருகிருந்து வினவும் சுற்றத்தை அது தருதல் இயலாது. நற்றிணைப் புலவர் முதற்சூலுக்கு இட்ட அடையை ஒவ்வொரு சூலுக்கும் உரியதாக்குதல் ஊரார் கடனாம்.