வெக்கை நோயை விரட்டிய விஞ்ஞானி

தங்கவயல் தமிழர்களில் பலருக்குப் பூர்வீகம் வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் பக்கத்துக் கிராமங்கள். சுரங்கத்தில் இறங்குவதற்கு முன் நம் பாட்டன், பூட்டன்மார் ஏர் பிடித்தவர்கள், மாடு மேய்த்தவர்கள். அவர்கள் அம்மைக்கும் காலராவுக்கும் அஞ்சியதைப் போலவே வேறொரு நோய்க்கும் அஞ்சினார்கள். அதுதான் மாடுகளைத் தாக்கும் வெக்கை நோய். கன்னடத்தில் அதைத் 'தொட்டரோகம்' என்பார்கள். பெரிய நோய் என்று பொருள்.

அந்த நோய் இன்று உலகத்தில் எங்குமே இல்லை. 2011-ஆம் ஆண்டில் அது அடியோடு ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதன் முழுமையாக ஒழித்த நோய்கள் இரண்டே இரண்டு. ஒன்று பெரியம்மை, மற்றொன்று வெக்கை.

இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகத் தலைகாட்டியது நம் வட ஆற்காட்டில்தான். ஆண்டு 1995.

இந்த வெற்றியில் பெரும்பங்கு ஒரு விஞ்ஞானியைச் சேரும். அவர் பெயர் டாக்டர் வால்டர் பிளவ்ரைட்.

ஒரே வாரத்தில் ஓட்டாண்டி

வெக்கை நோய் ஒரு வைரஸ் கிருமியால் வருவது. குழந்தைகளுக்கு வரும் தட்டம்மைக் கிருமிக்கு இது நெருங்கிய உறவு. முதலில் கடும் காய்ச்சல், பிறகு கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாயெல்லாம் புண், அதன்பின் நிற்காத கழிச்சல். ஒரு வாரம், பத்து நாளில் மாடு விழுந்துவிடும். நோயை முன்பின் அறியாத மந்தையில் புகுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு மாடுகள்கூட மடிந்ததுண்டு. ஒரு ஜோடி உழவு மாட்டை நம்பிய குடும்பம் ஒரே வாரத்தில் ஓட்டாண்டியாகிவிடும்.

இந்த நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் ஏற்பட்டதற்கு இந்நோயே முக்கிய காரணம். 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அவற்றால் அந்த நாட்டில் வெக்கை பரவியது. அதன் விளைவாகவே 1924-இல் உலகக் கால்நடை நோய்த் தடுப்பு அமைப்பு பாரிசில் உருவாயிற்று.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு இன்னொரு செய்தியும் ருசிக்கும். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ஜெர்மன் மேதை ராபர்ட் கோக், 1896-இல் தென்னாப்பிரிக்காவின் வைரச் சுரங்க நகரான கிம்பர்லிக்கு அழைக்கப்பட்டார். சுரங்கக் கம்பெனியின் தொழிலாளர் வளாகம் ஒன்றில்தான் அவர் வெக்கை நோய் ஆராய்ச்சி நடத்தினார். மறு ஆண்டு இந்தியா வந்தபோது இமயமலையில் உள்ள முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்துக்கும் போனார்.

ஆட்டின் உடம்பில் பழகிய கிருமி

அந்த முக்தேசுவரில்தான் அடுத்த பெரிய முன்னேற்றம் நடந்தது. 1920-களில் அங்கே இயக்குநராக இருந்தவர் ஜே.டி.எட்வர்ட்ஸ். மாட்டைக் கொல்லும் கிருமியை அவர் ஓர் ஆட்டுக்குச் செலுத்தினார். அந்த ஆட்டிலிருந்து இன்னோர் ஆட்டுக்கு. அதிலிருந்து மற்றோர் ஆட்டுக்கு. இப்படி ஆட்டின் உடம்பிலேயே பழகிப் பழகிக் கிருமியின் வீரியம் குறைந்தது. அதை மாட்டுக்குப் போட்டால் மாடு சாகவில்லை. ஆனால் நோயை எதிர்க்கும் சக்தி மட்டும் பல ஆண்டுகளுக்கு நிலைத்தது.

அதற்கு முன் சீரம் ஊசிதான் இருந்தது. அதன் பாதுகாப்பு சில நாட்களோடு சரி. எனவே ஆட்டுத் தடுப்பூசி பெரிய வரப்பிரசாதமாக விளங்கியது. 1954-இல் இந்திய அரசு தொடங்கிய தேசிய வெக்கை நோய் ஒழிப்புத் திட்டத்தில் கோடிக்கணக்கான மாடுகளுக்கு இது போடப்பட்டது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. சிக்கலுக்குக் காரணம் மாட்டின் பரம்பரை.

தலைமுறை தலைமுறையாக வெக்கையோடு போராடி வந்த சமவெளி நாட்டு மாடுகள் ஆட்டுத் தடுப்பூசியைத் தாங்கிக்கொண்டன. லேசான காய்ச்சலோடு தப்பிவிடும். மலைநாட்டு மாடுகளும் சீமைப் பசுக்களும் அப்படியல்ல. அவற்றின் பிறவியிலேயே அந்தத் தாங்கும் சக்தி குறைவு. காப்பாற்றப் போட்ட ஊசியே அவற்றைக் கடுமையாக வாட்டியது. சில சமயம் கொன்றும்விட்டது.

அதே காலத்தில்தான் பால் உற்பத்தியைப் பெருக்க ஜெர்சி, ஹோல்ஸ்டீன் இனங்களோடு நாட்டுப் பசுக்களைக் கலக்கும் முயற்சியும் சூடு பிடித்தது. சினை ஊசி கிராமம் கிராமமாகப் போனது. பால் கூடியது, ஆனால் பிறந்த கன்று சீமை ரத்தத்தோடு அதன் பலவீனத்தையும் சேர்த்துக்கொண்டு பிறந்தது. எந்த இனத்துக்கும் கெடுதல் செய்யாத தடுப்பூசி வேண்டும் என்ற நிலை வந்தது.

தொண்ணூறு முறை

டாக்டர் பிளவ்ரைட் 1923-இல் இங்கிலாந்தின் ஹோல்பீச் என்ற ஊரில் பிறந்தவர். 1944-இல் லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியில் பட்டம் பெற்று, ராணுவக் கால்நடைப் பிரிவில் சேர்ந்தார். அதன் பின் 1950 முதல் கென்யாவிலும் நைஜீரியாவிலும் ஆராய்ச்சிப் பணி. நைரோபிக்கு அருகே முகுகா என்ற இடத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையம்தான் அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

போலியோ ஆராய்ச்சிக்காக அமெரிக்க விஞ்ஞானிகள் மூவர் 1954-இல் நோபல் பரிசு பெற்றனர். உயிருள்ள பிராணி இல்லாமல், கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கும் திசுக்களிலேயே வைரசைப் பெருக்கலாம் என்று அவர்கள் காட்டியிருந்தார்கள். பிளவ்ரைட் அந்த வழியை வெக்கைக்குப் பயன்படுத்தினார்.

கன்றுக்குட்டியின் சிறுநீரகத் திசுவைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார். அதில் வெக்கைக் கிருமியை விட்டார். அது பெருகியதும் எடுத்துப் புதிய பாத்திரத்தில் விட்டார். பிறகு இன்னொன்றில். இப்படிச் சுமார் 90 முறை! உடன் உழைத்தவர் ஆர்.டி.பெர்ரிஸ்.

ஒவ்வொரு கட்டத்திலும் கிருமியை மாட்டுக்குப் போட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல் வருகிறதா? ஊசி போட்ட மாட்டிலிருந்து பக்கத்து மாட்டுக்குக் கிருமி தொற்றுகிறதா? கடைசியில் இரண்டும் இல்லை என்றாயிற்று. நாட்டு மாடு, சீமை மாடு, கலப்பினம், கன்று எதற்கும் போடலாம். ஒரே ஊசி, ஆயுள் முழுவதும் பாதுகாப்பு. தயாரிக்கும் செலவும் குறைவு.

இதற்காக 1999-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகை 2½ லட்சம் டாலர். 2010 பிப்ரவரியில் தமது 86-வது வயதில் அவர் காலமானார். நோய் ஒழிந்தது என்ற அறிவிப்பு வெளிவந்தபோது அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

வட ஆற்காட்டில் கடைசி

தடுப்பூசி மட்டும் நோயை ஒழித்துவிடவில்லை. சந்தைக்குச் சந்தை, மாநிலம் விட்டு மாநிலம் மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டதால், 1990-களில்கூடத் தென்னிந்தியாவில் வெக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. 1992-இல் ஐரோப்பிய நாடுகளின் உதவியோடு புதிய திட்டம் வந்தது. 1995-இல் வட ஆற்காட்டில் கண்ட நோயோடு கதை முடிந்தது. வெக்கைக்கு மருந்து தயாரிக்க 1932-இல் தொடங்கிய நிலையம், இன்று கால்நடை நோய்த் தடுப்பு நிலையமாக இயங்குவது அதே மண்ணின் ராணிப்பேட்டையில்தான்.

அடுத்துச் செய்தது பலருக்கு வியப்பாக இருக்கும். ஊசி போடுவதையே நிறுத்தினார்கள்! ஊசி போட்ட மாட்டின் ரத்தத்திலும், நோய் கண்டு பிழைத்த மாட்டின் ரத்தத்திலும் ஒரே அடையாளம்தான் தெரியும். ஊசியை நிறுத்தினால்தான் நோய் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியும். பல ஆண்டுகள் ரத்தச் சோதனை நடத்தி, 2006-இல் இந்தியா வெக்கைத் தொற்று நீங்கிய நாடு என்ற அங்கீகாரம் பெற்றது.

2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. பலர் பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலோ கறவை மாடு பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பாலுக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற கோலார் மாவட்டத்தில் பெரும்பாலும் கறக்கப்படுவது கலப்பினப் பசுதான். வெக்கை இன்றும் இருந்திருந்தால் முதல் பலி அந்தப் பசுவாகத்தான் இருக்கும்.

ஆட்டுக்கொல்லி

வெக்கை போனாலும் அதன் தம்பி போகவில்லை. ஆடுகளுக்கு வரும் ஆட்டுக்கொல்லி நோயும் அதே குடும்பத்து வைரசால் வருவதுதான். ஆட்டுக்கும் வெக்கைதான் வருகிறது என்று நம் நாட்டில் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1987-இல் விழுப்புரத்துக்கு அருகே அரசூர் கிராமத்தில் ஆடுகள் மடிந்தன. அது வேறு வைரஸ் என்பதை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானி எம்.எஸ்.ஷைலா, தமிழகக் கால்நடை அறிஞர்களோடு சேர்ந்து 1989-இல் வெளியிட்டார். பின்னர் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகம் தயாரித்த தடுப்பூசி ஒன்று 'அரசூர் 87' என்று அந்தக் கிராமத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்த நோயை 2030-க்குள் உலகத்திலிருந்தே ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறார்கள். ஆடு வளர்ப்போர் கவனிக்க வேண்டியது இதுதான்: வாய்ப்புண், மூக்குச்சளி, கழிச்சல் மூன்றும் சேர்ந்து கண்டால் அந்த ஆட்டைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். மந்தையிலிருந்து பிரித்துக் கட்டி, கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்புங்கள். வெக்கையின் தம்பியை ஒழிக்கும் வேலையில் நம் பங்கு அங்கேதான் தொடங்குகிறது.