வலைவழி விழிக்கும் கணிப்பொறி

வெள்ளத்தின் கொடுமை அது வடிந்த பின்னரே முழுமையாகப் புலப்படும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் காலை தொடங்கி மறுநாள் காலை வரையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. அடையாறு கரை கடந்தது. முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்களில் நீர் வீடுகளினுள் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் ஒரு பள்ளியின் நாற்பது கணிப்பொறிகள் நனைந்துவிட்டன என்று கொள்வோம். பழுதான வன்தட்டுகளை அகற்றிப் புதியன பொருத்தியாயிற்று, மின்சாரமும் வந்துவிட்டது. ஆயினும் கணிப்பொறிகள் பயன்படவில்லை. அதற்குக் காரணம் யாது?

புதிய வன்தட்டு எழுதாத ஏடு போன்றது. கணிப்பொறியின் உறுப்புகளை எல்லாம் ஒருங்கே ஆளும் நிரல்தொகுதிக்கு இயங்குதளம் என்று பெயர். விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரையில் காட்டுவதும், எழுதியதைச் சேமித்து வைப்பதும் அதன் பணிகளே. இயங்குதளம் இல்லாத கணிப்பொறி, ஓட்டுநர் இல்லாத மின்தொடர் வண்டியை ஒக்கும். எனவே, நாற்பது கணிப்பொறிகளிலும் அதனை நிறுவியாக வேண்டும்.

ஒரே ஒரு பென்டிரைவைக் கொண்டு ஒவ்வொன்றாக நிறுவலாம். ஒன்றிற்கு அரைமணி ஆகுமெனின், நாற்பதிற்கும் இருபது மணி நேரம் ஆகும். ஒவ்வொன்றின் முன்னும் அமர்ந்து அதே வினாக்களுக்கு அதே விடைகளை நாற்பது முறை அளித்தல் வேண்டும். இடையில் ஒரு விடை பிழைபட்டாலும் ஒரு கணிப்பொறி மற்றவற்றினின்றும் வேறுபட்டு நிற்கும். இத்தொல்லையை நீக்கும் வழியே வலைவழித் தொடக்கம் என்பது.

ஒன்றுமறியாத கணிப்பொறி வலையின் வழியாகத் தன் இயங்குதளத்தைப் பெறுவது எங்ஙனம்? முற்றிலும் ஒன்றுமறியாதது என்று அதனைக் கூறுதல் பொருந்தாது. அதன் தாய்ப்பலகையில் உள்ள சிறு சில்லு ஒன்றில், மின்சாரம் நின்றாலும் அழியாத சிறிய நிரல் ஒன்று உண்டு. வலையட்டையை இயக்கி உதவி கேட்கும் அளவிற்கு அதற்கு அறிவு இருக்கிறது. இம்முறைக்குரிய பொது விதிகளை இன்டெல் நிறுவனம் 1990-களின் இறுதியில் வெளியிட்டது. அவ்விதிகளுக்கு பி.எக்ஸ்.இ. என்பது பெயர்.

தாம்பரம் இரயில் நிலையத்தில் முதன்முறையாக வந்திறங்கும் ஒருவனை நினைத்துப் பாருங்கள். அவன் தங்கும் இடத்தை அறியான். வரவேற்க வந்தவரையும் அறியான். நடைமேடையில் நின்று, “நான் இன்னான்; எனக்கு இடம் தருவார் எவரேனும் உளரோ?” என்று உரக்கக் கூவுகிறான். புதிய கணிப்பொறி செய்வதும் இதுவே. ஒவ்வொரு வலையட்டைக்கும் 48 பிட்டுகளால் ஆன அடையாள எண் ஒன்று உண்டு. அவ்வெண்ணைக் கூறி, வலையில் உள்ள அனைவர்க்கும் கேட்கும்படி கணிப்பொறி வினவுகிறது. வழங்கி எனப்படும் சர்வர் அதற்கு விடையிறுக்கிறது. “உனக்குரிய முகவரி இது; நீ பெறவேண்டிய கோப்பின் பெயர் இது; அஃது இருக்கும் இடம் இது” என்னும் மூன்று செய்திகளும் அவ்விடையில் அடங்கும். இவ்வாறு முகவரி அளிக்கும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். 1985-இல் வகுக்கப்பெற்ற பூட்பி என்னும் முறையிலிருந்து வளர்ந்தது அது.

அடுத்து, கணிப்பொறி அக்கோப்பினைப் பெறத் தொடங்குகிறது. இதற்குப் பயன்படும் டி.எஃப்.டி.பி. முறை மிக எளியது. கோப்பு 512 பைட்டுகள் கொண்ட துண்டுகளாக வரும். ஒரு துண்டு வந்து சேர்ந்தது என்று விடை கூறிய பின்னரே அடுத்த துண்டு புறப்படும். எளிமையே இதன் சிறப்பு. சிறிய சில்லினுள் அடங்கும் நிரலுக்கு இதுவே ஏற்றது. ஆனால், 40 மெகாபைட் கோப்பு ஒன்றை இவ்வாறு அனுப்பினால் 81,920 துண்டுகள் ஆகும். ஆதலின், துண்டின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி 1995-இல் சேர்க்கப்பெற்றது.

முதலில் வருவது சிறிய தொடக்கநிரல். அஃது இயங்குதளத்தின் கருவையும், நிறுவுவதற்குரிய நிரலையும் வரவழைத்து நினைவகத்தில் வைக்கிறது. கரு விழித்தெழுந்ததும் நிறுவல் தொடங்கும். மொழி எது, வன்தட்டை எவ்வாறு பிரிப்பது என்னும் வினாக்களுக்குரிய விடைகளை முன்னரே ஒரு கோப்பில் எழுதி வழங்கியில் வைத்துவிடலாம். பின்னர் வேண்டிய தொகுதிகள் யாவும் விரைவான வேறு முறையில் வந்து வன்தட்டில் எழுதப்பெறும். ஒவ்வொரு கணிப்பொறியும் 2 கிகாபைட் பெறவேண்டுமெனில், நாற்பதிற்கும் 80 கிகாபைட் ஆகிறது. வழங்கியின் இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட் எனின், அவற்றை அனுப்பக் குறைந்தது ஒரு மணி 47 நிமிடம் ஆகும். 1000 மெகாபிட் எனின் ஏறத்தாழ 11 நிமிடமே போதும். இருபது மணி நேர உழைப்பு ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.

இம்முறையில் இடர்களும் உண்டு. நிறுவல் முடிந்த பின், வன்தட்டிலிருந்து தொடங்குமாறு கணிப்பொறியைப் பணித்தல் வேண்டும். மறந்தால், அது மீண்டும் வலையை நாடித் தன்னைத் தானே அழித்து எழுதத் தொடங்கும். மாணவர் ஓராண்டு காலம் சேர்த்த பணிகள் உள்ள கணிப்பொறி ஒன்று தவறுதலாக அவ்வலையில் இணைந்திருந்தால், அவை அனைத்தும் அழிந்துபோகும். மற்றோர் இடர் இதனினும் பெரிது. உதவி கேட்கும் கணிப்பொறி, விடை தருபவர் யார் என்று ஆராய்வதில்லை. தீயோன் ஒருவன் அதே வலையில் அமர்ந்து முந்திக்கொண்டு விடை கூறினால், அவன் தரும் நிரலையும் அது ஏற்றுக்கொள்ளக்கூடும். ஆகவே, அறிந்தோர் இப்பணிக்குத் தனி வலை அமைப்பர். வரும் நிரலில் உரிய முத்திரை உண்டா என்று சோதிக்கும் ஏற்பாடும் இன்றைய கணிப்பொறிகளில் உள்ளது.

இவ்வாறு நிறுவத்தக்க இயங்குதளம் ஒன்று நம் நாட்டிலேயே உருவாயிற்று. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005-இல் தொடங்கப்பெற்றது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனமும், குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் அதில் பங்கு கொண்டன. அம்முயற்சியின் விளைவாக ‘பாஸ்’ என்னும் இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. அதற்கு அடிப்படையான டெபியன், உலகெங்கும் உள்ள தொண்டர்கள் கூடி உருவாக்கியது. அதன் நிறுவுநிரல் வலைவழியும் தொடங்கவல்லது. வரைகலைத் திரையில் தமிழிலேயே வினவவும் வல்லது. அதனைப் படியெடுக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் யாவர்க்கும் உரிமை உண்டு. ஆதலின், ஒரு பள்ளி நாற்பது கணிப்பொறிகளில் அதனை நிறுவினாலும் எவரிடத்தும் இசைவு பெறவேண்டுவதில்லை.

வெள்ளம் வன்தட்டுகளைக் கெடுக்கலாம். ஆனால், வழங்கியில் உள்ளதன் படியொன்றை வேறோர் இடத்தில் காத்து வைத்திருப்போமாயின், நாற்பது கணிப்பொறிகளும் மீண்டும் விழித்தெழும். அறியாமை இழுக்கன்று, அறியாததை வினவும் துணிவு வேண்டும். யாரிடம் வினவுகிறோம் என்னும் தெளிவும் உடன் வேண்டும். இவ்விரண்டும் கணிப்பொறிக்கு மட்டுமன்றி, கற்கும் நமக்கும் உரியன அல்லவா?